பச்சை உடம்பு: பிரசவத்துக்குப் பின் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளை பெற்றவளைப் 'பச்சை உடம்புக்காரி' என்பார்கள். அந்தச் சொல்லில் மிகை எதுவும் இல்லை. நஞ்சுக்கொடி பிரிந்துவந்த இடத்தில், கருப்பையின் உட்சுவரில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு புண் இருக்கிறது. வெளியே தெரியும் தையலுக்கு மருந்து போடுகிறோம். உள்ளே இருப்பதைத்தான் மறந்துவிடுகிறோம்.

பத்தாம் நாள் வலி குறைந்ததும் பழைய வேலைகளுக்குப் பாய்வது அப்படி மறப்பதால்தான். பிரசவம் முடிந்தவுடன் ஏறக்குறைய 1 கிலோ இருக்கும் கருப்பை, 100 கிராமுக்கும் கீழே சுருங்க 6 வாரம் பிடிக்கும். அதையொட்டி உதிரப்போக்கும் சிவப்பில் தொடங்கி, பழுப்பாகி, கடைசியில் வெளிர் மஞ்சளாகும். என்னைக் கேட்டால் இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. பழுப்பாகிவிட்ட போக்கு, துணி துவைத்த அன்று மறுபடி சிவந்தால், வேலை அதிகமாகிவிட்டது என்று பொருள். இரண்டாவது வாரத்தில் காரணமில்லாமலும் சிறிது நேரம் சிவக்கலாம். ஓய்வெடுத்தும் குறையாவிட்டால் மருத்துவரிடம் போங்கள். போக்கு நிற்கும்வரை பேட் மட்டும் போதும். உள்ளே வைக்கும் டாம்பன், கப் வேண்டாம்.

அதற்காகக் கட்டிலே கதி என்று கிடப்பதும் தவறு. பிரசவத்தையொட்டி இரத்தம் வழக்கத்தைவிட எளிதில் உறையும். அசையாத காலில் இரத்தக்கட்டி உருவாகும் ஆபத்து முதல் 6 வாரங்களில் அதிகம். சிசேரியன் ஆனவளை மறுநாளே செவிலியர் எழுப்பி நடக்கவைப்பது இரக்கமில்லாமல் அல்ல. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், யாரையும் நீவிவிடச் சொல்லாமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

வயிற்றை இறுக்கிக் கட்டினால் கருப்பை சுருங்கிவிடாது. அது தானாகச் சுருங்கும். குழந்தை பால் குடிக்கும்போது சுரக்கும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் அதற்குக் கைகொடுக்கும். அப்போது அடிவயிற்றில் சுருக்கென்று பிடிப்பது அதனால்தான். இருமும்போது சிசேரியன் தையலுக்குத் தாங்கலாக மெல்லிய பட்டை அணியலாம். மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தமெல்லாம் கீழே, ஏற்கெனவே தளர்ந்திருக்கும் இடுப்புத்தளத் தசைகள்மேல் இறங்கும். படுத்து எழும் வயிற்றுப் பயிற்சியிலும் இதே சிக்கல். நடுவயிற்றுத் தசைகள் விலகியிருக்கும் நேரம் அது. சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்புத்தளத் தசையை இறுக்கிச் சில நொடி பிடித்து விடுவதில் தொடங்குங்கள்.

தையல் பிரிந்துவிடுமோ என்று பயந்து மலத்தை அடக்காதீர்கள். அடக்க அடக்க இறுகும், முக்க வேண்டிவரும். தண்ணீரைக் குறைக்க வேண்டாம். காலடியில் சிறு முக்காலி வைத்து முன்சாய்ந்து உட்கார்ந்தால் எளிதாக இருக்கும்.

"பிள்ளை பெத்தா அப்படித்தான் இருக்கும்." இந்த ஒரு வாக்கியம் எத்தனை பேரின் வாயை அடைத்திருக்கிறது! தும்மினால் சிறுநீர் கசிவது பலருக்கும் உண்டுதான். மூன்று மாதமாகியும் நிற்காவிட்டால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டினால் பெரும்பாலும் குணமாகும். வேறு சிலவற்றுக்கு ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது: ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைவது, 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் காய்ச்சல், போக்கில் துர்நாற்றம், திடீர் மூச்சுத்திணறல். கண் மங்கலோடு விடாத தலைவலி வந்தால் தூக்கமில்லாததால் என்று தள்ளிவிடாதீர்கள். கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் சரியாக இருந்தவருக்கும் பிரசவத்துக்குப் பின் அது ஏறலாம்.

குழந்தைக்குத் தடுப்பூசி தேதி தவறாது. தாயின் பரிசோதனைதான் தள்ளிப்போகும். வீடு திரும்பிய பிறகும், பிரசவ நாளிலிருந்து எண்ணி 2-3ஆம் நாளில் ஒருமுறை, 7-14ஆம் நாளுக்குள் ஒருமுறை, ஆறாவது வாரத்தில் ஒருமுறை பார்க்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வழிகாட்டுதல். அங்கே கருத்தடை பற்றியும் கேளுங்கள். மாதவிலக்கு திரும்பும் முன்பே கருமுட்டை வெளிவந்துவிடலாம் என்பது பலருக்கு அடுத்த கர்ப்பத்தில்தான் தெரியவருகிறது.