நீளமான நார்வேஜியச் சொல்லை எங்கே வெட்டுவது?

நார்வேக்கு வந்த புதிதில் வீட்டுக்கு வரும் கடிதங்களைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கும். 'பார்னெஹாகெப்லாஸ்' என்று ஒரே சொல் நீண்டு கிடக்கும். அகராதியில் முழுசாகத் தேடினால் கிடைக்காமல் போகலாம். வெட்டித்தான் தேட வேண்டும். (இங்கே சொல்வதெல்லாம் நார்வேஜிய மொழியின் இரண்டு எழுத்துமுறைகளில் ஒன்றான புக்மோலுக்கு.)

முதல் படி: வாலைப் பிடியுங்கள்

கடைசியில் நிற்பதுதான் முக்கியச் சொல். ப்லாஸ் என்றால் இடம். எங்கே இடம்? பார்ன் குழந்தை, ஹாகெ தோட்டம். இரண்டும் சேர்ந்த பார்னெஹாகெ மழலையர் பள்ளி. ஆக, மழலையர் பள்ளியில் ஓர் இடம். நம் 'பள்ளிக்கூட'த்திலும் கூடம்தானே கடைசியில் வருகிறது! சொல்லின் பாலையும் கடைசிச் சொல்லே முடிவு செய்யும். பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் 'எட்', 'என்' அந்தப் பாலைக் காட்டும்: தனியாக 'எட் பார்ன்', 'என் ஹாகெ'. சேர்ந்தால் 'என் பார்னெஹாகெ'.

இரண்டாம் படி: நடுவில் ஒட்டியதைக் கழற்றுங்கள்

பார்ன், ஹாகெ இரண்டுக்கும் நடுவே ஓர் 'எ' இருக்கிறது. ஆர்பைட் (வேலை) ப்லாஸோடு சேரும்போது 'எஸ்' வந்து ஆர்பைட்ஸ்ப்லாஸ் ஆகும். இவற்றுக்குத் தனிப் பொருள் கிடையாது. புளியம்பழத்தில் வரும் 'அம்' சாரியை மாதிரிதான்.

எஸ் எப்போது வரும்? 'ஹேட்', 'ஷூன்', 'இங்' என முடியும் சொற்களுக்குப் பின் வழக்கமாக வரும். முன்சொல்லே கூட்டுச்சொல்லாக இருந்தாலும் பல நேரம் வரும்: வைன் கிளாஸ் வெறும் வீன்க்லாஸ், சிவப்பு வைன் என்றதும் ரோவீன்ஸ்க்லாஸ். ஆனால் பார்னெஹாகெப்லாஸில் வரவில்லை, பாருங்கள். இந்த இடத்தில் விதியை மட்டும் நம்பாமல் அகராதியைப் புரட்டிவிடுவதே நல்லது.

மூன்றாம் படி: வரி முடிவில் உடைப்பது

தனிச்சொல்லில் ஒரு மெய்யெழுத்தை மட்டும் அடுத்த வரிக்குத் தள்ளுவார்கள்: ஹொப்-பெ (குதிக்க). கூட்டுச்சொல்லை மூட்டில்தான் உடைக்க வேண்டும். வெயிலுக்கு 'சூல்ஷின்' என்பார்கள். சூல் என்றால் சூரியன். 'ஷின்' எழுத்தில் எஸ்-கே என்று தொடங்கும். தனிச்சொல் விதிப்படி கே-யை மட்டும் தள்ளினால் அடுத்த வரியில் 'கன்னம்' என்று பொருள்படும் வேறொரு சொல் வந்து நிற்கும்! நடுவில் ஒட்டிய எஸ் முன்சொல்லோடுதான் இருக்கும்: ஆர்பைட்ஸ்-ப்லாஸ்.

அப்புறம், புஸ் (பேருந்து) இரண்டு எஸ்-ஸில் முடியும், ஸ்டொப் (நிறுத்தம்) ஒன்றில் தொடங்கும். சேர்த்து எழுதினால் இரண்டுதான். வரி முடிவில் உடைத்தால் மூன்றாவது திரும்பி வந்துவிடும்.

நான்காம் படி: இடைவெளி விடாதீர்கள்

ஆங்கிலப் பழக்கத்தில் கை தானாக இடைவெளி விடும். லாம்மெலோர் என்றால் ஆட்டுக்குட்டியின் தொடைக்கறி. 'லாம்மெ லோர்' என்று பிரித்தால் செயலிழந்த தொடைகள். விருந்துக்கு அழைக்கும்போது கவனம்!

நார்வேக்காரர்களே செய்யும் இந்தத் தப்புக்கு ஒரு பெயரும் உண்டு: ஊர்டேலிங்ஸ்ஃபைல். இதை நீங்களே வெட்டிப் பாருங்கள். ஊர் என்றால் சொல் (நம் ஊர் இல்லை), டேலிங் பிரித்தல், ஃபைல் பிழை. நடுவில் எஸ் ஏன் வந்தது என்று இந்நேரம் தெரிந்திருக்கும்.