மாவட்டத் தலைநகரில் ஒரு புத்தொழில் (ஸ்டார்ட்அப்) சமூகத்தைத் தொடங்குவது எப்படி

2020-க்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஊர் திரும்பியவர்கள், கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுப்பவர்கள், வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு ஃப்ரீலான்ஸ் வேலை செய்பவர்கள், கல்லூரி இறுதியாண்டு புராஜெக்ட்டையே ஒரு தொழிலாக வளர்க்க நினைப்பவர்கள் என்று தமிழ்நாட்டின் எந்த மாவட்டத் தலைநகரிலும் இன்று ஒரு கூட்டம் இருக்கிறது. ஆனால் அவர்களில் ஒருவருக்கு இன்னொருவரைத் தெரியாது. அடுத்த தெருவில் இருப்பவர் ஏற்கெனவே தீர்த்துவிட்ட சிக்கலுடன் ஒருவர் மாதக்கணக்கில் தனியாகப் போராடிக்கொண்டிருப்பார். இவர்களை ஒன்றுசேர்க்க விரும்பும், பணமோ பதவியோ அலுவலகமோ இல்லாத ஒருவருக்காக இந்த விளக்கத்தை எழுதுகிறேன்.

படி 1: ஒரு நோட்டும் இருபது பெயர்களும்

வாட்ஸ்அப் குழு தொடங்குவதை ஒத்திவையுங்கள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, உங்கள் ஊரில் மென்பொருளோ மின்னணுக் கருவியோ செய்யும் இருபது பேரைத் தேடிப் பிடியுங்கள். ஃபைபர் இணைப்புக் கொடுக்கும் கேபிள்காரருக்கு, வீட்டுக்கே அதிக வேக இணைப்புக் கேட்பவர்கள் யார் என்று தெரியும். கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரர், தம்மிடம் அடிக்கடி கணினியின் நினைவகத்தை (ராம்) கூட்டச் சொல்லி வருபவரை நினைவில் வைத்திருப்பார். ஆடிட்டரிடம் வாடிக்கையாளர் விவரத்தைக் கேட்காதீர்கள். உங்கள் எண்ணை அவரிடம் கொடுத்து, விருப்பமுள்ளவர்களுக்குத் தெரிவிக்கச் சொன்னால் போதும்.

ஒவ்வொருவரையும் நேரில் சென்று பாருங்கள். இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், எந்த இடத்தில் வேலை நிற்கிறது என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டு, பதிலை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் பதில்களே உங்கள் முதல் ஆறு மாதச் சந்திப்புகளுக்கான பொருள்.

படி 2: நாளை முடிவு செய்து, அதை மாற்றாதிருப்பது

இந்த விளக்கத்தில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால், இதைப் பின்பற்றுங்கள். மாதத்தின் ஒரு குறிப்பிட்ட கிழமையையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்து, ஐந்து பேர் மட்டுமே வந்தாலும் அந்த நாளில் கூடுங்கள். லினக்ஸ் என்ற திறந்தமூல இயங்குதளத்தைப் பயன்படுத்துவோரின் சென்னைக் குழு பல ஆண்டுகள் இரண்டாம் சனிக்கிழமைகளில் ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில் கூடிவந்தது. நாள் நிலையாக இருந்தால், நடுவில் மூன்று மாதம் வர இயலாதவரும் யாரையும் கேட்காமல் நான்காம் மாதம் வந்து சேர முடியும்.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது ஊரின் ஓட்டத்தையும் பார்க்க வேண்டும். ஞாயிறு காலை முகூர்த்தங்களில் பாதிப் பேர் கல்யாண மண்டபத்தில் இருப்பார்கள். இரவு எட்டு மணிக்கு முடியும் கூட்டத்துக்கு, கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய கிராமத்து இளைஞரும், வீட்டில் பதில் சொல்ல வேண்டிய பல பெண்களும் வரமாட்டார்கள். சனிக்கிழமை மதியம் மூன்று மணி முதல் ஐந்து மணி வரை என்பது என் அனுபவத்தில் நன்றாகப் பொருந்தியிருக்கிறது. இடத்துக்கு, அந்த நேரத்தில் வகுப்பு இல்லாத டியூஷன் சென்டரையோ நூலகக் கூடத்தையோ கேட்டுப் பாருங்கள்.

என் முதல் முயற்சி தோற்றதற்குக் காரணம், நான் இதைத் தலைகீழாகச் செய்ததுதான். ஒரு பொறியியல் கல்லூரி அரங்கில், குத்துவிளக்கும் சிறப்பு விருந்தினருமாகத் தொடக்க விழா நடத்தினோம். வருகைப் பதிவுக்காக அனுப்பப்பட்ட மாணவர்களால் அரங்கம் நிறைந்தது. தொழில் நடத்திக்கொண்டிருந்த நான்கைந்து பேர் பின்வரிசையில் அமர்ந்து, ஒருவரோடொருவர் பேசும் வாய்ப்பே இல்லாமல் வீடு திரும்பினார்கள். அடுத்த மாதத்துக்கு நாங்கள் தேதியே குறித்திருக்கவில்லை. இன்றும் அந்த நான்கைந்து பேரை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

படி 3: இரண்டு மணி நேரத்தை நடத்துவது

முதல் அரை மணி நேரம், ஒருவர் தாம் செய்ததை இயக்கிக் காட்டட்டும். பவர்பாயின்ட் வேண்டாம், பொருளே திரையில் ஓடட்டும். அடுத்த ஒரு மணி நேரம், நோட்டில் உள்ள ஒருவருடைய சிக்கலை எல்லோரும் சேர்ந்து பேசுங்கள்: வாடிக்கையாளர் பணம் தராமல் இழுத்தடிப்பது, ஜிஎஸ்டி பதிவு எப்போது தேவை, முதல் ஊழியருக்கு என்ன சம்பளம் என்பவை போன்றவை. மீதி நேரம் டீக்கு. தமிழிலேயே பேசுங்கள். ஆங்கிலத்தில் பேச வேண்டுமோ என்ற தயக்கத்தால் வாய் திறக்காமல் போகும் திறமைசாலிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

படி 4: சிக்கல் வைத்திருப்பவரை அழைப்பது

மூன்றாம் மாதத்திலிருந்து, மென்பொருளோடு தொடர்பில்லாத உள்ளூர்த் தொழில்காரர் ஒருவரை ஒவ்வொரு முறையும் அழையுங்கள். நாமக்கல்லில் லாரி உரிமையாளரும் கோழிப்பண்ணைக்காரரும், சிவகாசியில் அச்சக உரிமையாளரும், கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்பவரும் பெருநகரத்துக்காரருக்குத் தெரியாத சிக்கல்களை அன்றாடம் சுமக்கிறார்கள். திரும்பும் லாரிக்குச் சரக்கு கிடைக்காதபோது என்ன ஆகிறது என்பதை உரிமையாளரே சொல்லக் கேட்ட பிறகு, நம் இளைஞர்கள் பெருநகர உணவு விநியோகச் செயலிகளை நகலெடுப்பதை நிறுத்தக்கூடும்.

படி 5: கட்டடம் பிறகு

இங்கே கென்யாவின் தலைநகரான நைரோபியின் கதையைச் சொல்ல வேண்டும். கென்யாவில் 2007-இல் சஃபாரிகாம் நிறுவனம் எம்-பெசா என்ற கைப்பேசிப் பணப் பரிமாற்றத்தைத் தொடங்கியது. அதே ஆண்டின் இறுதியில் நடந்த தேர்தலை ஒட்டி வன்முறை வெடித்தபோது, சில வலைப்பதிவர்களும் நிரலாளர்களும் சேர்ந்து, எங்கே என்ன நடக்கிறது என்று மக்கள் தெரிவிப்பதை வரைபடத்தில் காட்டும் உஷாஹிதி என்ற தளத்தைச் சில நாட்களில் உருவாக்கினார்கள். சுவாஹிலியில் அச்சொல்லுக்குச் சாட்சியம் என்று பொருள். 2009-இல் இணையத்துக்கான கடலடிக் கேபிள்கள் கென்யாவின் துறைமுக நகரமான மொம்பாசாவை எட்டின. உஷாஹிதியை நிறுவியவர்களில் ஒருவரான எரிக் ஹெர்ஸ்மன் முன்னின்று, நைரோபியில் ஐஹப் என்ற பொதுக்கூடத்தை 2010 மார்ச்சில்தான் திறந்தார். அதற்குள் நைரோபி நிரலாளர்கள் பார்கேம்ப் எனப்படும், வருபவர்களே பேச்சாளர்களாகும் சந்திப்புகளில் ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள். ஏற்கெனவே உருவாகியிருந்த ஒரு கூட்டத்துக்குத்தான் அந்த அறை கிடைத்தது.

ஆகவே, உங்கள் சந்திப்பு ஓராண்டு தடையின்றி நடந்து, மாதத்துக்கு ஒருநாள் போதவில்லை என்று வருபவர்களே சொல்லும்வரை வாடகைக்கு இடம் எடுக்க வேண்டாம். எடுத்தால், நல்ல இணையமும், மின்வெட்டைத் தாங்கும் இன்வெர்ட்டரும், சுத்தமான கழிப்பறையும் முதலில் இருக்கட்டும். சுவர் ஓவியமும் பீன் பேக்கும் இல்லாமல் வேலை நடக்கும்.

படி 6: பதிவும் பணமும்

டீச் செலவை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும்வரை எந்தப் பதிவும் தேவைப்படாது. நன்கொடை வாங்கி வங்கிக் கணக்கில் வைக்கும் நிலை வந்தால், 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் ஏழு பேர் சேர்ந்து சங்கமாகப் பதிவு செய்யலாம். உறுப்பினர்களுடைய நிறுவனங்களின் நிதித் தேவை தனி விஷயம். மாநில அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு டான்சீட் என்ற தொடக்கநிலை நிதியுதவியை வழங்குகிறது. மத்திய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா அங்கீகாரம் தனிநபர் உரிமை நிறுவனமாக நடப்பவற்றுக்குக் கிடைப்பதில்லை. இது தெரியாமல், விண்ணப்பத்தின் கடைசிப் பக்கம்வரை போய்த் திரும்புபவர்கள் இருக்கிறார்கள். ஒரு சந்திப்பை முழுவதும் இதற்கே ஒதுக்கி, அனுபவமுள்ள ஆடிட்டர் ஒருவரை அழைத்துவிடுங்கள்.

படி 7: கைமாற்றுவது

இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலேயே, தொடர்ந்து வருபவர்களில் இருவரைத் தேர்ந்தெடுத்து அவர்களோடு சேர்ந்து நடத்துங்கள். ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். நீங்கள் ஊரில் இருக்கும்போதே ஒரு மாதம் வேண்டுமென்றே போகாமல் இருந்து பாருங்கள். கூட்டம் நடந்ததா என்று மறுநாள் கேளுங்கள். நடந்திருந்தால், கூடத்துச் சாவி, கணக்கு நோட்டு, முதல் நாள் பெயர்களை எழுதிய அந்தப் பழைய நோட்டு மூன்றையும் அவர்களிடம் ஒப்படைத்துவிடுங்கள்.