உருதுச் சொற்களை வேரோடு பிடியுங்கள்

உருதுச் சொற்களின் பொருளை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்வது வீண் உழைப்பு. அரபியிலிருந்து வந்த சொற்களை மூன்றெழுத்து வேரோடு சேர்த்துப் படியுங்கள். 'இல்ம்' என்றால் அறிவு. ஆலிம் அறிஞர், தாலீம் கல்வி, மாலூம் தெரிந்தது. நான்கிலும் ஐன், லாம், மீம் என்ற அதே மூன்று எழுத்துகள்தான். 'கிதாப்' (புத்தகம்), 'காத்திப்' (எழுதுபவர்) ஆகியவையும் அப்படியே ஒரே வேரில் பிறந்தவை.

வக்கீல், அசல், நகல், பாக்கி, கைதி, தயார் எல்லாம் தமிழுக்கே வந்துவிட்டதால் அவற்றுக்கு அகராதி வேண்டாம். ஆனால் சில சொற்கள் காலை வாரிவிடும். உருதுவில் 'சவால்' என்பது வெறும் கேள்வி. 'ராஜிநாமா' சமரச ஒப்பந்தம். வேலையை விடுவதற்கு அங்கே 'இஸ்தீஃபா' என்பார்கள்.