சிகிச்சையின் நடுவில் மருத்துவமனை மாறுதல்: சிட்னிக்குப் புதிதாக வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு

ஆஸ்திரேலியாவில் அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் அட்டையைக் கொண்டு அரசு மருத்துவமனையில் புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் ஒருவருக்கு, சிகிச்சை முடியுமுன்பே வேறு மருத்துவமனைக்கு மாற வேண்டிய தேவை பல காரணங்களால் எழலாம். வாடகை ஒப்பந்தம் முடிந்து லிவர்பூல் பகுதியிலிருந்து டூன்காபி பக்கம் குடிபெயர்ந்திருக்கலாம். துணைக்கு வரும் மகளின் வேலையிடம் மாறியிருக்கலாம். இப்போதைய மருத்துவர்மேல் நம்பிக்கை குறைந்திருக்கலாம். காரணம் எதுவாயினும் மாற்றம் கேட்பதில் தவறில்லை. ஆனால் கேட்பதற்கும் மாறுவதற்கும் இடையே வாரங்கள் கழியக்கூடும். அந்த இடைவெளியில் சிகிச்சை நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதே முதற்காரியம். புதிய மருத்துவமனை உங்களை ஏற்றுக்கொண்டு முதல் சந்திப்புக்குத் தேதி தரும்வரை, பழைய இடத்தில் பதிவாகியுள்ள எந்தச் சந்திப்பையும் ரத்துச் செய்யாதீர்கள்.

மெடிகேர் வழியாகச் சிகிச்சை பெறும் அரசு நோயாளிக்கு மருத்துவமனைச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. அதே வேளையில் இன்ன மருத்துவர்தான் பார்க்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கவும் இயலாது. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் செய்வதுபோல் மருத்துவக் கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே அடுத்த மருத்துவரிடம் போய் நிற்பதும் இங்கே நடவாது. பரிந்துரைக் கடிதம் வேண்டும். அதை இப்போதைய புற்றுநோய் மருத்துவரும் எழுதலாம், குடும்ப மருத்துவரும் எழுதலாம். மெடிகேர் விதிப்படி சிறப்பு மருத்துவரின் கடிதம் பொதுவாக 3 மாதங்களுக்கும், குடும்ப மருத்துவரின் கடிதம் 12 மாதங்களுக்கும் செல்லும். இருந்தாலும் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது இப்போதைய மருத்துவரே எழுதுவதுதான் நல்லது, ஏனெனில் இதுவரை என்ன கொடுக்கப்பட்டது, அடுத்து என்ன கொடுக்க வேண்டும் என்பதை அவரைவிடத் தெளிவாக எவரும் எழுத முடியாது. மருத்துவர் மனம் நோவாரோ என்று தயங்கி, சொல்லாமல் விலகிவிடும் பழக்கம் நம்மிடையே உண்டு. இங்கே அந்தத் தயக்கத்துக்குத் தேவையே இல்லை. மருத்துவர்கள் இத்தகைய கோரிக்கைகளுக்குப் பழகியவர்கள். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் உங்கள் பராமரிப்பை ஒருங்கிணைக்கும் செவிலியரிடம் சொல்லலாம்.

உங்களுக்கு வேண்டியது மாற்றமா, இரண்டாவது கருத்தா என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள். சிகிச்சைத் திட்டத்தைப் பற்றிய ஐயம்தான் காரணமென்றால், இருக்கும் இடத்திலேயே கீமோதெரபியைத் தொடர்ந்துகொண்டு வேறொரு நிபுணரிடம் கருத்துக் கேட்டுவரலாம். பலருக்கு அதுவே போதுமானதாக இருக்கும்.

நியூ சவுத் வேல்ஸில் அரசு மருத்துவமனைகள் மாவட்டச் சுகாதார நிர்வாகங்களின் கீழ் இயங்குகின்றன. வெஸ்ட்மீடும் பிளாக்டவுனும் மேற்குச் சிட்னி நிர்வாகத்தைச் சேர்ந்தவை. லிவர்பூல் தென்மேற்குச் சிட்னியைச் சேர்ந்தது. ஒரே நிர்வாகத்துக்குள் மாறுவது பொதுவாக எளிது. நிர்வாகம் விட்டு நிர்வாகம் மாறும்போது, உங்கள் முகவரி தங்கள் எல்லைக்குள் இருக்கிறதா என்று புதிய இடத்தில் கேட்கக்கூடும். ஆகவே மெடிகேரிலும் குடும்ப மருத்துவரிடமும் முகவரியை முதலில் மாற்றிவிடுங்கள். நிரந்தர வதிவிட விண்ணப்பம் முடிவாகாமல் நீல நிறத் தற்காலிக மெடிகேர் அட்டை வைத்திருப்பவர்கள் அதன் காலாவதித் தேதியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அவசரத்தில் தனியார் காப்புறுதி எடுத்து மாறிவிடலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மருத்துவமனைக் காப்புறுதியில் 12 மாதம் காத்திருக்க வேண்டியிருப்பதால் அந்த வழி பெரும்பாலும் உதவாது.

எப்போது மாறுவது என்பது சிகிச்சையின் வகையைப் பொறுத்தது. கீமோதெரபி சுற்றுச் சுற்றாகக் கொடுக்கப்படுவதால் இரண்டு சுற்றுகளுக்கு நடுவே மாற முடியும். கதிர்வீச்சு அப்படியன்று. படுக்கும் நிலை, தோலில் இடும் புள்ளிகள், தலை கழுத்துப் பகுதியாயின் முகத்துக்கென்றே வார்க்கும் கவசம், கதிர் விழும் கோணங்கள் எல்லாம் அந்த இடத்து இயந்திரத்துக்கு ஏற்பக் கணக்கிடப்பட்டவை. இடையில் மாறினால் திட்டமிடலை மீண்டும் முதலிலிருந்து செய்ய வேண்டிவரும், இடைவெளியும் சிகிச்சையின் பலனைக் குறைக்கும். எனவே தொடங்குமுன் மாறுங்கள், அல்லது முடித்துவிட்டு மாறுங்கள். மருத்துவ ஆய்வு ஒன்றில் சேர்ந்திருப்பவர்களும், மருந்து நிறுவனம் இலவசமாகத் தரும் மருந்தைப் பெறுபவர்களும், புதிய இடத்தில் அது தொடருமா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறாமல் நகரக் கூடாது.

ஆவணங்களுக்குத்தான் அதிகக் கவனம் தேவை. திசுப் பரிசோதனை அறிக்கையுடன், மெழுகில் பதித்த திசுக்கட்டிகளையும் கண்ணாடித் தகடுகளையும் புதிய மருத்துவமனையின் நோயியல் பிரிவு கேட்கலாம்; அவற்றை இரு மருத்துவமனைகளும் தமக்குள் அனுப்பிக்கொள்ளும், ஆனால் அனுப்பியாயிற்றா என்று விசாரிக்கும் வேலை பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். சிடி, பெட் ஸ்கேன்களின் அறிக்கை மட்டும் போதாது, படங்களும் வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் கொடுத்த மருந்து, அளவு, தேதி, ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால் அதன் விவரம் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். டாக்ஸோரூபிசின் போன்ற சில மருந்துகளுக்கு, இதயத்தைப் பாதிக்கும் என்பதால் வாழ்நாள் முழுமைக்கும் சேர்த்து உச்ச அளவு உண்டு. முன்பு எவ்வளவு ஏறியது என்று தெரியாமல் அடுத்த மருத்துவர் துணிந்து எழுத முடியாது. மருந்து ஏற்றுவதற்காகக் கை நரம்பு வழியே செலுத்திய மெல்லிய குழாய் (பிக் லைன்) இருந்தால் அதன் மேலுள்ள கட்டுத்துணியை வாரந்தோறும் மாற்ற வேண்டும். மாறும் வாரத்தில் அதை எங்கே செய்வது என்று முன்னதாகவே கேளுங்கள். அரசின் இணையவழி உடல்நலப் பதிவேடான மை ஹெல்த் ரெக்கார்டில் எல்லாம் இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம், பல விவரங்கள் அதில் ஏறியிரா.

சென்னை அடையாறிலோ, இலங்கையின் மகரகமவிலோ தெல்லிப்பளையிலோ உள்ள புற்றுநோய் மருத்துவமனையில் சிகிச்சையைத் தொடங்கிவிட்டு இங்கு வந்தவர்களுக்கும் இதே விதிதான். ஒன்று கூடுதல்: அங்கே சுருக்கக் குறிப்பில் மருந்தின் வணிகப் பெயரை மட்டும் எழுதியிருந்தால் இங்கே அது விளங்காமல் போகலாம், மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள்.

புதிய இடத்தில் முதல் சந்திப்பைப் பதியும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அரசு மருத்துவமனையில் இது இலவசம். பள்ளிக்கூடப் பிள்ளையை அழைத்துப்போய் அதன் வாயால் தாயின் நோயை விளக்கவைப்பது கொடுமை. வீட்டிலிருந்து பேச 131 450 என்ற எண்ணில் மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, அவர்கள் வழியாகவே, புற்றுநோயாளிகளுக்கு உதவும் அமைப்பான கேன்சர் கவுன்சிலின் 13 11 20 என்ற எண்ணுக்கும் இணைப்புக் கேட்கலாம்.

இரு மருத்துவமனைகளுக்கும் நடுவில் நிற்கும் நாட்களில் காய்ச்சல் வந்தால் யாரை அழைப்பது என்று யோசித்துக் காலம் கடத்த வேண்டாம். கீமோதெரபி பெறுபவருக்கு 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் கண்டால், நள்ளிரவாக இருந்தாலும், அருகிலுள்ள எந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கும் உடனே போக வேண்டும். கடைசியாக மருந்து ஏற்றிய தேதியை வாயிலிலேயே சொல்லுங்கள்.