இன்வெர்ட்டர் இருந்தும் ஃபிரிட்ஜ் ஏன் போனது?

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, தென்னை மட்டை விழுந்து எங்கள் தெருக் கம்பத்து நியூட்ரல் கம்பி, அதாவது கரண்ட் திரும்பிப் போகும் பொதுக் கம்பி, அறுந்தது. கொல்லைப்புறத்துக் குண்டு பல்பு வெள்ளை வெளேரென்று எரிந்து 'டப்'பென்று போயிற்று. அதே நேரம் ஹாலில் இன்வெர்ட்டர் 'டக்' என்று பேட்டரிக்கு மாறியது. கரண்ட் போகவில்லை, ஆனாலும் மாறியது. நான் ஓடிப்போய் மெயினை இறக்குவதற்குள் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் பொசுங்கிய வாடை.

"அவ்வளவு காசு போட்டு இன்வெர்ட்டர் வாங்கினியே தம்பி, ஃபிரிட்ஜ் ஏன் போச்சு?" என்றார் அண்ணி. நியாயமான கேள்விதான். ஃபிரிட்ஜ் இன்வெர்ட்டர் லைனில் இல்லை, நேர் லைனில் இருந்தது. இன்வெர்ட்டர் லைனில் இருந்த டிவிக்கு ஒன்றும் ஆகவில்லை.

நியூட்ரல் அறுந்தால் இரண்டு பேஸுக்கு (கரண்ட் கொண்டுவரும் கம்பிகளுக்கு) நடுவே இருக்கும் 400 வோல்ட்டை அந்தந்த பேஸில் இருக்கும் வீடுகள் பங்கு போட்டுக்கொள்ளும். கரண்ட் குறைவாக இழுக்கும் பக்கத்துக்குத்தான் வோல்டேஜ் எகிறும். எதிர்வீட்டில் விளக்கு மங்கியதும் எங்கள் வீட்டில் பல்பு வெடித்ததும் இதனால்தான்.

இன்வெர்ட்டர் சாதாரண நேரத்தில் மெயின் கரண்டை அப்படியே உள்ளே விடுகிறது. வோல்டேஜ் எல்லை தாண்டினால்தான் அதன் ரிலே, அதாவது தானாக மாறும் சுவிட்ச், லைனைத் துண்டித்து பேட்டரிக்கு மாற்றும். அந்த எல்லை எவ்வளவு என்பது பின்பக்கத்துச் சின்ன சுவிட்சைப் பொறுத்தது. யூபிஎஸ் மோடில் சுமார் 180 முதல் 260 வோல்ட் வரை. இன்னொரு மோடில் 290 வரைகூட விட்டுவிடும். டிவி, கம்ப்யூட்டர் இருக்கும் வீட்டில் சுவிட்ச் யூபிஎஸ் பக்கம் இருக்கட்டும். இன்றைக்கே போய்ப் பாருங்கள், பல வீடுகளில் அதன் மேல் ஒட்டடைதான் இருக்கும்.

நேர் லைனில் இருக்கும் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷினுக்கு என்ன வழி? மெயின் போர்டில் ஹை-லோ வோல்டேஜ் கட் ஆஃப் ஒன்றை எலக்ட்ரீஷியனிடம் சொல்லி மாட்டச் சொல்லுங்கள். நான் 265-இல் துண்டிக்கும்படி வைத்திருக்கிறேன். வோல்டேஜ் சரியானதும் மூன்று நிமிடம் கழித்துத்தான் திரும்ப இணைக்கும், கம்ப்ரஸருக்கு அந்த இடைவெளி நல்லது.

இடி வேறு கதை. அது மைக்ரோ செகண்டில் வந்து போய்விடும். ரிலே அசைவதற்கே பத்து மில்லி செகண்டாவது வேண்டும். இடியைத் தடுப்பது ஸ்பைக் பஸ்டர் என்ற பிளக் பலகைக்குள் இருக்கும் வேரிஸ்டர், ஒரு ரூபாய் நாணய அளவு வில்லை. வோல்டேஜ் எகிறும்போது அது தன் வழியாகக் கரண்டைத் திருப்பிவிடும். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தேயும். பழைய ஸ்பைக் பஸ்டரைப் பிரித்தபோது அந்த வில்லை கருகி இரண்டாகப் பிளந்திருந்தது. பிளக்குகள் மட்டும் ஜோராக வேலை செய்துகொண்டிருந்தன! மெயின் போர்டிலேயே இதே வேலையைச் செய்யும் சர்ஜ் ப்ரொடெக்டர் போடுவது இன்னும் உருப்படியானது, எர்த் சரியாக இருந்தால். எர்த்தை மல்டிமீட்டரில் மட்டும் பார்த்து நம்பிவிடாதீர்கள். அறுந்துபோன எர்த்தும் மீட்டரில் ஏதோ ஒரு வோல்டேஜ் காட்டும். எலக்ட்ரீஷியனை லோடு கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கம்ப்யூட்டருக்குத் தனியாக லைன் இன்டராக்டிவ் யூபிஎஸ் போதும். வோல்டேஜ் ஏறி இறங்கினால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரே சரிக்கட்டும், எடுத்ததற்கெல்லாம் பேட்டரியைத் தொடாது. 600 விஏ என்று போட்டிருந்தால் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். அதில் லேசர் பிரின்டரைச் செருகாதீர்கள்.

அப்புறம் ரவுட்டர். அதன் பிளக்கை யூபிஎஸ்ஸில் போட்டுவிட்டு நான் நிம்மதியாக இருந்தேன். சித்திரைக் கோடையிடியில் அது செத்தது, மாடியிலிருந்து இறங்கும் செம்பு நெட்வொர்க் கேபிள் வழியாக. இப்போது வானம் இருட்டினால் பிளக்கோடு சேர்த்து அந்தக் கேபிளையும் பிடுங்கிவிடுகிறேன்.