கல்லூரிக் கவுன்சலிங்: ரகசியம் எங்கே கசிகிறது

நான் கவுன்சலிங் போவதை வீட்டில் போட்டுக்கொடுத்தது என் போன். சாமி மேடைக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடந்தது. நாளை 3 மணிக்கு அப்பாயின்மென்ட் என்று ஒரு குறுஞ்செய்தி வந்து திரை மினுங்கிய நேரத்தில், அம்மா விளக்கேற்ற வந்தார். ராத்திரி சாப்பாட்டுக்குள் தெம்பனிஸ் சின்னம்மாவுக்கு விஷயம் போய்விட்டது. காலையில் எழுந்து பார்த்தால் அவரிடமிருந்து மூன்று நிமிட வாய்ஸ் மெசேஜ்: வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் ஓர் அர்ச்சனை பண்ணு, யாரோ கண்ணு வெச்சிருக்காங்க.

அப்போது நான் சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. இங்கே ஆண்களுக்குக் கட்டாயமான தேசிய சேவையை முடித்துச் சேர்ந்ததால் வயது 22. அந்த வயதிலும் இவ்வளவுதான் நம் தனிமை. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஐந்து பேர் இருந்தால் யாருக்கும் தனி அறை இல்லை, தனி மனசும் இல்லை. ஆகவே முன்பதிவு செய்வதற்கு முன்னால் போனைச் சரிசெய்யுங்கள். பூட்டிய திரையில் செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி அமைப்பை மாற்றுங்கள். கல்லூரி மின்னஞ்சலைக் கொடுங்கள், வீட்டில் எல்லாரும் எடுத்துப் பார்க்கும் டேப்லட்டில் அந்தக் கணக்கு திறந்திருந்தால் மூடிவிடுங்கள். நாள்காட்டியில் 'டியூட்டோரியல்' என்று போட்டுக்கொள்ளலாம். இதைப் பொய் என்று நான் நினைக்கவில்லை.

சரி, முன்பதிவு. இங்கே பல்கலைக்கழகங்கள், பலதுறைத் தொழிற்கல்லூரிகள், தொழில்நுட்பக் கல்விக் கழகம் எல்லாவற்றிலும் மாணவர்களுக்கென்றே கவுன்சலர்கள் இருக்கிறார்கள். மாணவராக இருக்கும்வரை பெரும்பாலும் காசு கிடையாது. இணையத்தில் ஒரு படிவம் வரும். அதில் 'என்ன பிரச்சினை' என்ற பெட்டியைப் பார்த்து நான் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் 'தூக்கம் இல்லை, வகுப்புக்குப் போக முடியவில்லை' என்று எழுதினேன். அது போதும், கட்டுரை எழுத வேண்டியதில்லை. தேர்வு நெருங்க நெருங்க வரிசை நீளும். பருவம் தொடங்கி நாலைந்து வாரத்திலேயே மனசு கனக்கிறது என்றால் அப்போதே போடுங்கள். தாங்க முடியாத நிலை என்றால் படிவத்தோடு நிற்காமல் நேராகப் போய், இன்றே பேச வேண்டும் என்று சொல்லுங்கள்.

முதல் சந்திப்பில் ஒரு ஒப்புதல் படிவம் தருவார்கள். எல்லாரும் படிக்காமல் கையெழுத்துப் போடும் தாள் அது. படியுங்கள். நீங்கள் சொல்வது வெளியே போகக்கூடிய சந்தர்ப்பங்கள் எவை என்று அதில் இருக்கும்: உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து, ஒரு குழந்தைக்குக் கொடுமை நடப்பது, நீதிமன்றம் கேட்பது. பெரும்பாலும் அவ்வளவுதான். காதல் தோல்வி, பாடத்தில் ஃபெயில், அப்பாவின் குடி, நீங்கள் யாரை விரும்புகிறீர்கள் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது.

என்னை ரொம்ப நாள் தடுத்து வைத்திருந்தது முதல் விஷயம்தான். 'செத்துடலாம் போல இருக்கு' என்று சொன்ன மறுநிமிடம் வீட்டுக்கு போன் போகும், போலீஸ் வரும் என்று பயந்திருந்தேன். சொன்னேன். கவுன்சலர் முகம் மாறவில்லை. அந்த எண்ணம் எப்போதெல்லாம் வருகிறது, ஏதாவது செய்யத் திட்டம் இருக்கிறதா, இன்று ராத்திரி வீட்டில் யார் இருப்பார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு இருவரும் சேர்ந்து ஒரு தாளில், மனசு இருண்டால் யாரை அழைப்பது, எங்கே போய் உட்காருவது என்று எழுதினோம். வீட்டுக்கு யாரும் போன் பண்ணவில்லை. உடனடி ஆபத்து என்று அவர் நினைத்திருந்தால் கதை வேறு, அதையும் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன் என்றார். போலீஸ் பயத்துக்கு ஒரு தகவல்: தற்கொலை முயற்சி இங்கே 2020 ஜனவரி 1 முதல் குற்றம் இல்லை.

அந்த முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. குறிப்புகள் எங்கே இருக்கும், என் துறையில் யாராவது பார்க்க முடியுமா? என்னை அனுப்பிவைத்த விரிவுரையாளருக்கு என்ன பதில் போகும்? உபகாரச் சம்பளம் வாங்குபவர்கள் அதைப் பற்றியும் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், இந்தக் கேள்விகள் அவர்களுக்குப் பழக்கம்தான். ஒப்படைப்புக்குக் கூடுதல் அவகாசம் வேண்டி நான் கடிதம் கேட்டபோது, 'இவர் எங்கள் சேவையைப் பெறுகிறார்' என்ற ஒரு வரியோடு நிறுத்தச் சொன்னேன். அப்படியே கொடுத்தார்கள்.

தமிழ் பேசும் கவுன்சலர் வேண்டுமா என்பது எனக்குப் பெரிய குழப்பமாக இருந்தது. வேண்டாம் என்றேன். தமிழர் என்றால் எங்காவது ஒரு கல்யாணத்தில் அம்மாவுக்கு எதிரில் பந்தியில் உட்காருவார் என்று பயம். அப்புறம் என்ன ஆனது? 'மானம் போயிடும்' என்று அப்பா சொல்வதைச் சீனக் கவுன்சலருக்கு ஆங்கிலத்தில் விளக்கியே ஒரு சந்திப்பு முழுக்கப் போனது. வெட்கமா, கௌரவமா என்று அவர் கேட்க, இரண்டும் இல்லை என்று நான் சொல்ல, கடைசியில் இருவரும் சிரித்துவிட்டோம். இன்று கேட்டால் தமிழரையே கேளுங்கள் என்பேன். தெரிந்தவராக இருந்தால் அவரே விலகிக்கொண்டு வேறொருவரிடம் அனுப்ப வேண்டும், அது அவர்கள் தொழில் ஒழுக்கம்.

காணொளியில் பேசுபவர்கள் இடத்தை யோசியுங்கள். நான் ஒரு தடவை எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், கல்மேசையில் உட்கார்ந்து பேசினேன். ஐந்தாவது நிமிடத்தில் எதிர்வீட்டு அங்கிள் செய்தித்தாளோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். எழுந்து போகவும் மனசு வரவில்லை அவருக்கு. மிச்ச நேரம் முழுக்க 'ஆமா', 'இல்ல', 'ம்ம்'. கல்லூரி நூலகத்தில் சிறு அறை கிடைத்தால் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கல்லூரியைத் தாண்டி மருத்துவமனைக்கு அனுப்பினால் காசு விஷயம் வரும். அப்பாவின் மெடிசேவிலிருந்து (மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு) கட்டினால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும், அவருடைய கணக்கு அது. முன்கூட்டியே யோசித்து வையுங்கள். 16 முதல் 30 வயதுக்காரர்களுக்கு மனநலக் கழகத்தை (மனநல மருத்துவமனை) சேர்ந்த 'சாட்' என்ற சேவை இலவசமாகவே பேசி மதிப்பிடுகிறது, அதை முதலில் பாருங்கள். வேலை கிடைக்காதே என்ற பயத்துக்கு: 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டத்தில், எவற்றைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்ற பட்டியலில் மனநலமும் இருக்கிறது.

நடு இரவில் கல்லூரி அலுவலகம் திறந்திருக்காது. அதற்கு 1767, தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்-இன் 24 மணி நேர எண். பக்கத்துக் கட்டிலில் தம்பி தூங்குகிறான், பேச முடியாது என்றால் 91511767 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கு எழுதலாம். நான் அதைத்தான் செய்தேன், போர்வைக்குள், வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு. 2025 ஜூனில் தொடங்கிய 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணும் உண்டு. மனநலக் கழகத்தின் எண் 63892222. உயிருக்கே ஆபத்து என்றால் ஆம்புலன்ஸ் எண் 995.

வீட்டில் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். என் அம்மாவுக்கு அந்தக் குறுஞ்செய்தியால் பாதி தெரிந்திருந்தது, மீதியை மூன்று மாதம் கழித்து நானே சொன்னேன், அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது. கொஞ்ச நேரம் கீரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்: "அங்க சாப்பிட ஏதாச்சும் குடுப்பாங்களாப்பா?"

தண்ணியும் டிஷ்யூவும் குடுப்பாங்கம்மா என்றேன்.