ஏ செக்‌ஷனும் பி செக்‌ஷனும் ஒரே டீமில்

எட்டாம் வகுப்புப் பையன்கள் ஏ, பி என்று பிரிந்து முறைத்துக்கொண்டு திரிந்தால், முதலில் ஏதாவது பெட் மேட்ச் நடந்ததா என்று விசாரியுங்கள். பந்துக்காசு, அழுகுணி ரன் அவுட், அப்பா பேரை இழுத்தது என்று ஏதாவது கிளம்பும். ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டுக் கை குலுக்கச் சொன்னால் குலுக்குவார்கள். பெல் அடித்ததும் கேட்டுக்கு வெளியே மறுபடி ஆரம்பிக்கும்.

பக்கத்தில் உட்கார வைப்பதும் போதாது. 1954-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒரு முகாமில் முசாபர் ஷெரிப் என்ற உளவியலாளர் 22 சிறுவர்களை இரு அணியாக்கிப் பார்த்தார். சேர்ந்து சாப்பிட வைத்தபோது சாப்பாட்டையே எடுத்து எறிந்துகொண்டார்கள். தண்ணீர் நின்றுபோனது, எல்லோரும் கை கொடுத்தால்தான் தீரும் என்று அடுத்தடுத்துச் சிக்கல்கள் வந்த பிறகே பகை தணிந்தது.

பி.டி. பீரியடிலேயே இதைச் செய்யலாம். பெட்டை நிறுத்துங்கள், டென்னிஸ் பந்தைப் பள்ளியே கொடுக்கட்டும். டீமுக்கு ஆறு பேர், ஏ-யில் மூன்று, பி-யில் மூன்று. கேப்டன்களை ஆள் எடுக்க விட்டால் பழைய கூட்டாளிகள்தான் சேருவார்கள், அதனால் சீட்டுக் குலுக்குங்கள். ஏ பையன் ஒருவன், பி பையன் ஒருவன் என ஜோடியாக இரண்டு ஓவர் ஆட வேண்டும். அவுட்டானால் வெளியே போக வேண்டாம், ஜோடிக் கணக்கில் 5 ரன் கழியும். இங்கேதான் விஷயம் இருக்கிறது: கூடவே ஓடுகிறவன் "வா", "வேணாம்டா" என்று கத்தாவிட்டால் இருவருக்குமே நஷ்டம். ஆளுக்கொரு ஓவர் பௌலிங். மொத்தம் 12 ஓவர், ஓவருக்கு 3 நிமிடம் என்றால் 36 நிமிடத்தில் முடியும். எல்.பி.டபிள்யூ. வேண்டாம், அம்பயர் ஆசிரியர்தான்.

சண்டையின் இரண்டு 'தலை'களையும் முதல் வாரமே ஜோடியாக்காதீர்கள். ஒரு ரன் அவுட் போதும், எல்லாம் பாழ். மூன்றாம் வாரம் பார்க்கலாம். டீமை வாராவாரம் கலைப்பதும் தப்பு, நான்கு வாரமாவது அதே ஆட்கள் ஆடட்டும். கோப்பை, பரிசு எதுவும் வேண்டாம். ஓரத்தில் நின்று உசுப்பேற்றும் பத்தாம் வகுப்பு அண்ணன்களை வகுப்புக்கு அனுப்பிவிடுங்கள்.

நவம்பர் மழையில் கிரவுண்டு சேறாகிவிடும். அப்போது ஒரு பாடத்தை ஐந்தாகப் பிரித்து, கலந்த குழுவில் ஆளுக்கொரு பகுதி கொடுங்கள். ஒவ்வொருவனும் மற்றவர்களுக்குச் சொல்லித் தர வேண்டும், டெஸ்ட் முழுப் பாடத்துக்கும்.

ஒருவனை மட்டும் பலர் சேர்ந்து அடிப்பது போட்டி இல்லை, கொடுமை. அங்கே இந்த ஜோடி வேலையெல்லாம் கூடாது. அடிபடுகிறவனைத் தனியே அழைத்துப் பேசி, பெற்றோரையும் தலைமையாசிரியரையும் உடனே சேர்த்துக்கொள்ளுங்கள். தேவைப்பட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடலாம்.